மூத்தோர் கிளம்பும் காலம்

மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூரில் கல்யாண சீசன் என்று தனியாக ஒன்று கிடையாது. அமிர்தகடேசுவரர் கோயில் பிராகாரத்தில் பெரும்பாலான நாட்களில் விடிந்ததுமே ஓமப்புகை எழுந்துவிடும். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பது நம்பிக்கை. அதனால் ஆயுளைக் கொண்டாடத் தமிழர்கள் முதலில் நினைக்கும் ஊர் இது. 60 நிறைந்தால் மணிவிழா, 70-ல் பீமரத சாந்தி, 80 தாண்டினால் ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். ஒரே காலையில் பல தம்பதிகள் பக்கம் பக்கமாக மணையில் உட்கார்ந்திருக்க, மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையில் வந்து கலச நீரைத் தலையில் ஊற்றுவார்கள். ஈரப்புடவையை மாற்றிக்கொண்டு வரும் பாட்டிக்குத் தாத்தா மறுபடியும் தாலி கட்டுவார். வெளியே வேன்கள், விடுதிகள், மண்டபங்கள், சமையல்காரர்கள், மேளக்காரர்கள், பூக்கடைகள். ஓர் ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு, வருகிறவர்களின் பிறந்த தேதியை நம்பி நிற்கிறது.

2040-ல் தன் மண்டபத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அங்குள்ள ஒருவர் கேட்டால், பதிலின் முதல் பாதியைச் சொல்லிவிடலாம். அந்த ஆண்டில் 60 நிறையப்போகிறவர்கள் 1980-ல் பிறந்தவர்கள். 80-ஐத் தொடப்போகிறவர்கள் 1960-ல் பிறந்தவர்கள். எல்லோரும் ஏற்கெனவே பிறந்தாயிற்று. டீசல் விலை அடுத்த வருடம் என்ன ஆகும், எந்த நாடு விசா விதியை மாற்றும் என்றெல்லாம் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இருபது வருடம் கழித்து எந்த வயதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை ஓரளவு துல்லியமாகக் கணக்கிடலாம். சுற்றுலாவை ஆராய்கிறவர்கள் மக்கள்தொகைக் கணக்கைத் தேடிப் போவது இதனால்தான். பதிலின் மறுபாதிதான் கடினம். இருக்கிறவர்களில் எத்தனை பேர் கிளம்புவார்கள், எங்கே, யாரோடு, எவ்வளவு காலம்?

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். இந்திய அரசின் வல்லுநர் குழு கணித்தபடி, 2021-ல் நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளத்தில் அது 16.5 சதவீதம்; அதற்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 13.6 சதவீதம். 2031-ல் தமிழ்நாட்டில் இது 18 சதவீதத்தைத் தாண்டும். மருத்துவம் முன்னேறி மனிதர்கள் நெடுநாள் வாழ்வதால்தான் இப்படி ஆகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிக் காரணமே. ஒரு சமூகம் மூப்படைவதற்குப் பெரிய காரணம் பிறப்பு குறைவதுதான். 1971-ல் ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு குழந்தைகள். 2020-ல் 1.4. மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையானது 2.1. கீழ்ப்படியில் குழந்தைகள் குறைந்துகொண்டே வர, அன்று நிறையப் பிறந்தவர்கள் மேல்படிக்கு ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் மணிவிழாத் தம்பதிகள் கூடுகிற அதே காலத்தில், கலச நீர் ஊற்ற நிற்கும் வரிசை குட்டையாகிவருகிறது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பயணத்தைக் கணித்தால் எங்கே தவறும் என்பதற்கு ஜப்பானில் நல்ல உதாரணம் உண்டு. 1996-ல் இருபதுகளில் இருந்த ஜப்பானியர்கள் மேற்கொண்ட வெளிநாட்டுப் பயணங்கள் சுமார் 46 லட்சம். 2008-ல் அது சுமார் 26 லட்சமாகச் சரிந்தது. இளைஞர்களுக்கு ஊர் சுற்றும் ஆசையே போய்விட்டது, எப்போதும் வீட்டுக்குள் அடைந்துகிடக்கிறார்கள் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் கவலைப்பட்டன. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுகளில் இருந்தவர்களே சுமார் 1.9 கோடியிலிருந்து 1.5 கோடிக்குக் குறைந்துவிட்டார்கள். சரிவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, போக விரும்பாதவர்களால் வந்தது இல்லை; பிறக்காதவர்களால் வந்தது. மீதிதான் மனமாற்றமும் பொருளாதாரமும். பயணங்களின் மொத்தம் என்பது ஆட்களின் எண்ணிக்கையை, ஓர் ஆள் சராசரியாக எத்தனை முறை கிளம்புகிறார் என்பதால் பெருக்கி வருவது. இரண்டில் எது மாறியது என்று பார்க்காமல் ஒரு தலைமுறையைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

இனி அந்த இரண்டாவது எண்ணுக்குள் நுழைவோம். ஒருவர் எவ்வளவு பயணம் செய்கிறார் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று மக்கள்தொகையியல் சொல்கிறது. ஒன்று அவருடைய வயது. இரண்டு நடக்கிற காலம். மூன்று அவர் பிறந்த தலைமுறை. வயது என்பது முழங்கால், ஓய்வு நேரம், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட விடுதலை. காலம் என்பது அந்த நேரத்தில் எல்லா வயதினரையும் ஒருசேரத் தாக்குவது. 2020-ன் கொரோனா அப்படி. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்த உத்தரவும் அப்படி. தலைமுறை என்பது இளமையில் பழகி, கடைசிவரை கூடவே வருவது. ஒரே ஆண்டுகளில் பிறந்தவர்களை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டு அவர்கள் வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தால்தான் சமூக மாற்றம் புரியும் என்று அமெரிக்க மக்கள்தொகையியலாளர் நார்மன் ரைடர் 1965-ல் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளம்.

நம் வீடுகளிலேயே இதைப் பார்க்கலாம். 1930-களில் பிறந்த கிராமத்துப் பாட்டி ஒருவர் தன் 65-வது வயதில் தனியாக ரயில் ஏறியிருக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாது; கையில் தனக்கென்று காசு கிடையாது; ஊரைத் தாண்டிப் போவதென்றால் ஓர் ஆண் துணை வேண்டும். 1960-ல் பிறந்த பெண் ஒருவர் பள்ளிக்கூடம் போனவர், டீச்சராகவோ நர்ஸாகவோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாட்ஸப் குழுவில் தோழிகளோடு பேசி கேதார்நாத்துக்குப் பணம் கட்டுகிறவர். இருவருக்கும் 65 வயதுதான். முழங்கால் வலிகூட ஒன்றுதான். பயணம் வேறு. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஆறு வயதில் பள்ளியில் சேர்ந்தவர்கள் 2025-ல் 75-ஐத் தொட்டார்கள். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது சிறுவர்களாக இருந்தவர்கள் 2030-களில் 60-ஐத் தாண்டுவார்கள். அவர்களில் படித்த பெண்கள் இன்னும் அதிகம். இன்றைய முதியவர்களைப் பார்த்து நாளைய முதியவர்களைக் கணிப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இது போதும்.

இந்த மூன்றையும் தனித்தனியாக அளப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. ஆகவே மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். ஒன்றை அசைக்காமல் மற்றொன்றை அசைக்க முடியாது. தேர் வடத்தை மூன்று பேர் சேர்ந்து இழுக்கும்போது தேர் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். யார் எவ்வளவு இழுத்தார் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. புள்ளியியல் வல்லுநர்கள் பல பத்தாண்டுகளாக இந்த முடிச்சோடு மல்லுக்கட்டுகிறார்கள். வெளியிலிருந்து ஓர் அனுமானத்தைச் சேர்க்காமல் இது அவிழாது என்பது கணித ரீதியாகவே உறுதி. ‘முதியவர்கள் இப்படித்தான் பயணம் செய்வார்கள்’ என்று அடித்துச் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. பெரும்பாலும் அவை ஒரே ஓர் ஆண்டில் எடுத்த கணிப்பு. அந்த ஆண்டின் முதியவர்களைப் பற்றி மட்டுமே அது பேசும்.

நெடுங்காலம் விடாமல் கேட்டு வந்தவர்கள் ஜெர்மானியர்கள். 1970 முதல் ஆண்டுதோறும் விடுமுறைப் பயணங்களைப் பற்றி அங்கே ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. ஜெர்மானியர்களின் பயணங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பார்த்த மார்ட்டின் ஓப்பர்மன், 1995-ல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் பிறந்த தலைமுறைகள் அதே வயதில் முன்னோரைவிட வேறு மாதிரிப் பயணம் செய்கிறார்கள் என்று காட்டினார். இளமையில் வருடம் தவறாமல் கடற்கரைக்குப் போய்ப் பழகியவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் போகிறார்கள். பழக்கம் ஓய்வு பெறுவதில்லை. உடம்பு இடம் கொடுக்கிறவரை தொடர்கிறது. அந்த ‘உடம்பு இடம் கொடுக்கிறவரை’ என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு ஜப்பான் என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய பின், 1947 முதல் 1949 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஜப்பானில் சுமார் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1949-ல் மட்டும் 27 லட்சம். 2024-ல் அந்த நாட்டில் பிறந்தவை 7 லட்சத்துக்கும் குறைவு. அந்த 80 லட்சம் பேரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் ஜப்பானியச் சுற்றுலாவின் வரலாற்றையே படித்துவிடலாம். 1970-ல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தபோது அவர்களுக்கு 21 முதல் 23 வயது. ஆறு மாதத்தில் 6 கோடியே 40 லட்சம் பேர் வந்து போனார்கள். கண்காட்சி முடிந்ததும் காலியாகிவிடும் ரயில்களை நிரப்ப, அதே ஆண்டு இறுதியில் தேசிய ரயில்வே ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்ற விளம்பர இயக்கத்தைத் தொடங்கி, இளம்பெண்களைத் தனியாகவும் தோழிகளோடும் சிற்றூர்களுக்குக் கிளம்பச் சொன்னது. 1981-ல் அதே ரயில்வே ‘ஃபுல் மூன்’ என்றொரு பாஸ் கொண்டுவந்தது. கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 88 அல்லது அதற்கு மேல் வந்தால் போதுமாக இருந்தது. உயர் வகுப்புப் பெட்டியில் நாடு முழுதும் சுற்ற முடிந்தது. வயதானவர்களுக்குச் சலுகை என்று சொல்லாமல், பிள்ளைகள் வளர்ந்த பின் இருவருமாக இரண்டாவது தேனிலவு போங்கள் என்று சொன்ன அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்தத் தலைமுறைத் தம்பதிகளும் இந்த 88-ஐ எட்டினார்கள்.

பிறகு 2007-லிருந்து அவர்கள் 60 வயதாகி ஓய்வு பெறத் தொடங்கினார்கள். கையில் நேரம், ஓய்வூதியம், சேமிப்பு. ஜேஆர் ரயில் நிறுவனங்களின் மூத்தோர் சங்கங்கள், வெந்நீர் ஊற்று ஊர்களுக்கான பேருந்துச் சுற்றுலாக்கள், மலையேற்றக் குழுக்கள் எல்லாம் அவர்களைச் சுற்றி வளர்ந்தன. 2013 அக்டோபரில் கியூஷு தீவில் ஓடத் தொடங்கிய ‘செவன் ஸ்டார்ஸ்’ என்ற மிக ஆடம்பரமான ரயிலும் இந்த அலையின் உச்சத்தில் வந்ததே.

ஆனால் 2025-க்குள் அந்தத் தலைமுறை முழுவதும் 75-ஐத் தாண்டிவிட்டது. பொதுவாக 75-ஐ ஒட்டித்தான் பயணம் கூர்மையாகக் குறையத் தொடங்குகிறது. 2019-ன் ஜப்பானியக் கணக்குப்படி ஓர் ஆணின் சராசரி ஆயுள் 81.4 ஆண்டு, பிறர் உதவியோ அன்றாடத் தடையோ இல்லாமல் வாழும் ஆயுள் 72.7. பெண்களுக்கு முறையே 87.5, 75.4. இடையே உள்ள ஒன்பது, பன்னிரண்டு ஆண்டுகள் பயணத்துக்கு எளிதானவை அல்ல. ஒரு நாட்டில் முதியவர்கள் பெருகுவது முதலில் சுற்றுலாவைத் தூக்கிவிடும். அவர்களே இன்னும் மூப்படையும்போது கீழே இழுக்கும். ‘60-க்கு மேல்’ என்று ஒரே பெட்டியில் போட்டு எண்ணும் பழக்கம் இந்தத் திருப்பத்தை மறைத்துவிடுகிறது. 62 வயதுக்காரருக்கும் 82 வயதுக்காரருக்கும் இடையில் உள்ள தூரம், 22-க்கும் 42-க்கும் உள்ளதைவிடப் பெரியது என்பேன்.

இளையோர் குறைந்ததன் விளைவையும் அங்கே கண்ணால் பார்க்கலாம். 1990-களில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஜப்பானியர் பனிச்சறுக்கில் ஈடுபட்டார்கள். இருபது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. பயணம் செய்யும் விதம் மாறியதும் தெரியும். நிக்கோ பகுதியில் கினுகாவா என்றொரு வெந்நீர் ஊற்று ஊர் இருக்கிறது. ஆற்றங்கரை நெடுகப் பல மாடி ஓட்டல்கள். அவற்றில் சில கைவிடப்பட்டு, கண்ணாடி உடைந்து, கொடி படர்ந்து நிற்கின்றன. கம்பெனி ஊழியர்கள் ஐம்பது, நூறு பேராகப் பஸ்ஸில் வந்து ஒரே கூடத்தில் விருந்து சாப்பிட்ட காலத்துக்காகக் கட்டப்பட்டவை அவை. பின்னால் வந்தவர்கள் இருவர் இருவராக வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பிரம்மாண்டக் கூடம் தேவைப்படவில்லை. பொருளாதாரக் குமிழி உடைந்ததும், கடன் கொடுத்த வங்கி 2003-ல் சாய்ந்ததும் சேர்ந்துகொண்டன. 1980-களில் நாடு முழுதும் 80,000-க்கு மேல் இருந்த பாரம்பரிய விடுதிகள் 2017-ல் 40,000-க்கும் கீழே வந்துவிட்டன.

ஐரோப்பாவில் ஸ்பெயின் செய்தது வேறு. மத்தியதரைக் கடலோர ஓட்டல்கள் கோடையில் நிரம்பி வழியும். குளிர்காலத்தில் மூடி, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். 1985-ல் அரசு, ஓய்வூதியர்களை மலிவுக் கட்டணத்தில் குளிர்காலத்தில் அந்த ஓட்டல்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பின்னாளில் ஆண்டுக்குப் பல லட்சம் இடங்கள் கொண்ட திட்டமாக அது வளர்ந்தது. பெனிடோர்ம் போன்ற ஊர்களில் குளிர்காலத்திலும் விளக்கு எரிவதில் அதற்குப் பங்கு உண்டு. பள்ளி விடுமுறைக்கும் அலுவலக லீவுக்கும் கட்டுப்படாதவர்கள் முதியவர்கள் மட்டுமே என்ற எளிய உண்மையை அந்த நாடு பயன்படுத்திக்கொண்டது. ஊட்டியும் கொடைக்கானலும் மே மாதத்தில் மூச்சு முட்டி, ஆகஸ்டில் ஓய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இது இங்கே ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் மூப்பின் தடம் எங்கே தெரிகிறது என்றால் மலைக்கோயில்களைக் காட்டுவேன். பழனியில் இழுவை ரயில் 1966-லேயே வந்தது, ரோப் கார் 2004-ல். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024 மார்ச்சில் அங்கே ரோப் கார் ஓடத் தொடங்கியது. குளித்தலை அய்யர்மலைக்கு 1,017 படிகள். அங்கும் அதே ஆண்டு ரோப் கார். படியேறுவதே வேண்டுதலின் பாதி என்று நினைத்த ஊரில் இந்த மாற்றம் சாதாரணம் இல்லை. இளமையில் ஏறியவர்கள் மறுபடியும் வர விரும்புகிறார்கள், முழங்கால் மறுக்கிறது. அந்த இடைவெளியில்தான் கம்பி வடம் கட்டப்பட்டது. இந்து சமய அறநிலையத் துறை மூத்தவர்களைக் கட்டணமில்லாமல் அறுபடை வீடுகளுக்கும், ராமேசுவரத்திலிருந்து காசிக்கும் அழைத்துப் போகிறது. அதற்கான வயது 60 முதல் 70 வரை. மேல்வரம்பு ஒன்று வைத்திருப்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் போனால் உடன் மருத்துவரும் துணையாளும் வேண்டும் என்பது அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

காசிக்குப் போவது ஒரு காலத்தில் திரும்பி வராமல் இருக்கவும் தயாரான பயணம். இன்று ஒரு வாரத்தில் போய்த் திரும்பி, கங்கை நீர்ச் செம்பைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து ராமாயண யாத்திரை ரயிலுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். முதுமைப் பயணம் வாழ்வின் முடிவுரையாக இருந்ததிலிருந்து வழக்கமாக மாறியதே இந்த ஐம்பதாண்டுகளின் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வகைப் பயணம் சுற்றுலா விளம்பரங்களில் வருவதே இல்லை. மகளின் பிரசவத்துக்கு நியூஜெர்சிக்கோ சிட்னிக்கோ போகும் அம்மாக்களின் பயணம். உறவினரைப் பார்க்க ஓராண்டுக்குக் குறைவாகப் போய்த் தங்கினால், ஐ.நா. வகுத்த இலக்கணப்படி அதுவும் சுற்றுலாவில் சேரும். பருப்புப் பொடி, பிரசவ லேகியம், ஊறுகாய் எல்லாவற்றையும் எடை பார்த்துக் கட்டிய இரண்டு பெட்டிகள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி. நன்றாக நடக்க முடிந்தவர்களும் அந்த நாற்காலியைக் கேட்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவை இடைநிலையத்தில் சரியான வாசலுக்கு ஒருவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்ற நிம்மதி மகனுக்கு. விமான நிறுவனங்கள் இதைத் தொல்லையாகப் பார்க்கின்றன. நான் இதை ஓர் அறிவிப்பாகப் பார்க்கிறேன். இவ்வளவு பேர் துணையின்றிக் கிளம்பியிருக்கிறார்கள், அவர்களுக்கு வழி சொல்ல யாரும் இல்லை என்பதையே அந்த நாற்காலி வரிசை சொல்கிறது. பேரக்குழந்தை ஒன்றே என்று ஆகும்போது இந்தப் பயணங்கள் ஒரு கட்டத்தில் குறையும். அதே சமயம், ஒரே பிள்ளையும் வெளிநாட்டில் என்றால் பெற்றோரே போய்ப் பார்த்துவர வேண்டியிருக்கும். எது வெல்லும் என்பதைக் குழந்தைப்பேறு மட்டும் தீர்மானிக்காது; விசா விதிகளும் தீர்மானிக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமை பெறாது. சுற்றுலாத் துறையினர் வெள்ளிமுடிச் சந்தை என்று உற்சாகமாகப் பேசும்போது அவர்கள் கண்ணில் இருப்பது ஓய்வூதியம் வாங்கும் ஒரு சிறு வட்டம். தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியவருக்கு அரசு தரும் உதவித்தொகை 2023-ல் உயர்த்திய பிறகும் மாதம் 1,200 ரூபாய். அந்த வயதிலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். 2020 மார்ச் வரை ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். தொற்றுக் காலம் முடிந்த பின்னும் அது திரும்பி வரவில்லை. வசதியுள்ளவர் சலுகை இல்லாமலும் போவார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மகள் வீட்டுக்கோ திருப்பதிக்கோ போய்க்கொண்டிருந்த ஒருவர் அந்த ஒரு முறையையும் விட்டுவிடுவார். ஓய்வூதியமும் இப்படித் தலைமுறையைப் பிரிக்கிறது. மத்திய அரசுப் பணியில் 2004-லிருந்தும், தமிழ்நாடு அரசுப் பணியில் 2003 ஏப்ரலிலிருந்தும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை. அவர்கள் கூட்டமாக ஓய்வு பெறும் 2030-களில் மூத்தோரின் பயணச் செலவு எப்படி இருக்கும் என்பது, அவர்களுக்கான ஓய்வூதியத்தை அரசுகள் எப்படி அமைக்கின்றன என்பதைப் பொறுத்தது.

ஓட்டல் அறையைப் பெருக்கவும் பேருந்து ஓட்டவும் ஆள் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மூப்படைந்த ஜப்பான் 2019 ஏப்ரலில் கொண்டுவந்த வெளிநாட்டுத் தொழிலாளர் விசாவில் விடுதித் தொழிலையும் சேர்த்தது. சென்னை, கோவை ஓட்டல்களில் மேசை துடைப்பவர் பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்திருப்பதும் இதே கதையின் உள்நாட்டு வடிவம்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு மூத்தவர் கிளம்புவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பது பல நேரம் மிகச் சிறிய விஷயம். நீண்ட பேருந்துப் பயணத்துக்கு முந்தைய நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களை எல்லோருக்கும் தெரியும். வழியில் நிறுத்தும் இடத்துக் கழிப்பறை எப்படி இருக்கும் என்று தெரியாது. இருந்தாலும் குந்தி உட்கார முடியாது. சர்க்கரையும் இரத்த அழுத்த மாத்திரையும் உள்ள உடம்பை வறட்சியில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் போகிறார்கள். ஆண்களுக்குப் பிராஸ்டேட் தொல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். ரயிலில் லோயர் பெர்த் கிடைக்காவிட்டால் டிக்கெட்டையே ரத்து செய்துவிடுகிறார்கள். கோயிலில் இரண்டு மணி நேர வரிசை. உட்கார ஒரு திட்டு இல்லை. இவை எதுவும் ஆயுள் கணிப்பு அட்டவணையில் வராது. ஆனால் ஒரு தலைமுறையின் பயணத்தை 75-லிருந்து 70-க்கு இறக்குவதும் 80-க்கு ஏற்றுவதும் இவைதான். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டபோது, பல ஆண்டுகளாக அலையைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் கடலுக்கு அருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடியும் சரிசெய்தார்கள். ஒரு மரப்பாதை அவர்களைக் கரையிலிருந்து அலைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

தமிழ்நாட்டில் சத்துணவுத் தலைமுறை 60-ஐத் தொட இன்னும் பத்தாண்டுகூட இல்லை. அவர்கள் முன்னோரைவிட அதிகம் கிளம்புவார்கள், பெண்கள் தனியாகவும் கிளம்புவார்கள், உடன் வரப் பிள்ளைகள் குறைவாக இருப்பார்கள். சுற்றுலாத் துறையும் அறநிலையத் துறையும் ரயில்வேயும் வருகிறவர்களைத் தலைகளாக மட்டும் எண்ணாமல் வயதோடு எண்ணத் தொடங்க வேண்டும். 60–74, 75-க்கு மேல் என்று இரண்டாகவாவது பிரிக்க வேண்டும். படிக்குக் கைப்பிடி, உட்காரும் வகைக் கழிப்பறை, வரிசையில் திண்ணை, கேட்டால் கிடைக்கும் லோயர் பெர்த், நிறுத்திய ரயில் சலுகை. இவற்றைக் கேட்டு எழுதுங்கள், கோயில் அலுவலகத்திலும் ஸ்டேஷன் புகார்ப் புத்தகத்திலும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும். 2031-ல் இந்த மாநிலத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இவை தேவைப்படும்.